அவள் கையில் சரிபார்த்தது

ஏப்ரல் 12

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே மூன்று பேரும் சுகம். காதை விட்டுவிட்டால் நீங்களும், முழங்காலை விட்டுவிட்டால் அத்தையும் நலம் என்று நம்புகிறேன். போனில் நீங்கள் "ஆங்? ஆங்?" என்பதும் நான் கத்துவதும் மூன்று மாடிக்கும் கேட்கிறதாம். கீழ் வீட்டுக்காரர் லிஃப்டில் என்னைப் பார்த்து, "உங்க மாமனாருக்கு வாங்கின செருப்பு அளவு சரியா இருந்துச்சா?" என்று விசாரிக்கிறார். அதனால்தான் இந்தக் கடிதம்.

பள்ளிக்கூடம் லீவு விட்டாயிற்று. உங்கள் மகளுக்கு டீச்சர் புத்தி வீட்டிலும் போகாது. லீவில் வருகிற ஞாயிற்றுக்கிழமைகளுக்கெல்லாம் எங்கே போவது என்று பட்டியல் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டாள். போய்வந்ததும் மார்க் போட எதிரே கட்டம் வேறு. முதல் ஞாயிறு ரயில்வே மேம்பாலம். செலவில்லாத இடம். ஒரு கூட்ஸ் வண்டி போனது. பொடிசு ஐம்பத்தெட்டுப் பெட்டி என்றாள், அம்மாக்காரி ஐம்பத்தேழு என்றாள். வீடு வரும்வரை சண்டை. கடைசியில் "எனக்குத் தலைவலிடி, அதுல ஒண்ணு விட்டுப்போயிருக்கும்" என்று இவள் தோற்றுப்போனாள். மேம்பாலத்துக்கு பத்துக்கு ஆறு மார்க்.

வேலையில் ஒரு சின்ன இழுபறி. பிரஷர் பார்க்கிற மெஷினை ரிப்பேர் செய்தால் மாஸ்டர் கேஜ் வைத்து ஒத்துப்பார்க்க வேண்டும். அந்தக் கேஜையே சரிபார்க்கத் தலைமை ஆபீசுக்கு அனுப்பிவிட்டார்கள். வர இரண்டு மாதமாகுமாம். கிளினிக்காரர்கள் அதுவரை பொறுப்பார்களா? நல்லவேளை, எனக்கு வீட்டிலேயே ஒரு மாஸ்டர் கேஜ் இருக்கிறது. உங்கள் மகளுடைய இடது கை. கல்யாணமாகி ஒன்பது வருஷம், எப்போது பார்த்தாலும் 110/70தான். என் கை உதவாது, ஒரு டீ குடித்தாலே ஏறிவிடும். இந்த மாதம் புது சென்சார் போட்ட மூன்று மெஷினும் அவள் கையில் 150 பக்கம் காட்டின. மட்டமான சரக்கை நம் தலையில் கட்டிவிட்டார்கள். உள்ளே இருக்கும் ஸ்க்ரூவைத் திருகி, மூன்றையும் அவள் கைக்குக் கொண்டுவந்தேன். இரண்டு கிளினிக்குக்குப் போய்விட்டன. மூன்றாவது, கிளினிக்கில் வேண்டாமென்று கழித்ததை நான் வாங்கிச் சரிசெய்தது. அதை உங்களுக்குப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். இனி பிரஷர் பார்க்க நீங்கள் வரிசையில் உட்கார வேண்டாம்.

அத்தைக்கு என் வணக்கம்.

உங்கள் மாப்பிள்ளை

அப்பா, இவர் என் கையை ஆபீஸ் சாமான் ஆக்கிட்டாரு. சோறு பிசைஞ்சுட்டு இருந்தாலும் "கையை நீட்டு"ங்கறாரு. மெஷினைப் பத்திரமா வெச்சுக்கோ, மகராசி கை பட்டது. ஐம்பத்தேழு பெட்டிதான். — வாயாடி


ஏப்ரல் 25

மாப்பிள்ளைக்கு,

மாமன் எழுதறேன். எனக்குக் காது தவிர எல்லாம் வேலை செய்யுது. உங்க அத்தைக்கு முழங்கால் தவிர எல்லாம் வேலை செய்யுது, முக்கியமா வாய். நீங்க மூணு பேரும் சௌக்கியமா? எனக்கு எழுத்துத் தமிழ் வராது. முப்பது வருஷம் அச்சு மெஷின் ஓட்டினேன், அடிச்ச தாளை ஒரு நாள் படிச்சதில்ல. அதனால பேசற மாதிரியே எழுதறேன்.

மெஷின் வந்துச்சு. தங்கம்! காலைல 122/78, சாயங்காலம் 124/78. கிளினிக்ல அந்த நர்சம்மா எப்பப் பார்த்தாலும் 160க்கு மேலன்னு சொல்லி மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கும். நான் போய்க் கேட்டேன், "ஏம்மா, உங்க மெஷினுக்கு வயசு என்ன, என் வயசா?"ன்னு. அது, "தாத்தா, வீட்டு மெஷினை நம்பாதீங்க"ன்னுச்சு. "என் மாப்பிள்ளை அதுக்குன்னே படிச்சவரு, உங்க மெஷினையும் அவர்கிட்ட அனுப்பு"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன். மனுஷன் பொய் சொல்லுவான் மாப்பிள்ளை, மெஷின் சொல்லாது. காலை மாத்திரையை நிறுத்திட்டேன். அதைப் போட்டா கிறுகிறுன்னு வருது. ராத்திரி மாத்திரை மட்டும் போதும்.

உங்க கடிதத்தை அத்தைக்கு வாசிச்சுக் காட்டினேன். மகராசி கைன்னு படிச்சதும் ரெண்டு பேரும் சிரிச்சு எனக்குப் புரையேறிடுச்சு. வாயாடிக்குத் தலைவலின்னு எழுதி இருந்தீங்க. வெயில்ல தொப்பி போடச் சொல்லுங்க. சொன்னா கேக்க மாட்டா, என் பொண்ணு.

பொடிசுக்கு முத்தம்.

மாமா


மே 8

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். உங்கள் கடிதத்தை உங்கள் மகள் மூன்று தரம் படித்தாள். கிளினிக்கில் சண்டை பிடிக்க வேண்டாம், பாவம் நர்சம்மா.

பட்டியலில் நான்கு இடம் முடிந்தது. நீச்சல் குளத்தில் பொடிசு முதல் நாள் படியைவிட்டு இறங்கவே இல்லை. இரண்டாவது ஞாயிறு முழங்கால் வரை இறங்கிவிட்டு, "நான் நீந்தினேன்" என்று மாடி முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். போன வாரம் நூலகம். இரண்டு பேரும் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். பத்தாவது நிமிஷம் டீச்சரம்மா மேசையில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டாள். நூலகர் வந்து, "இங்க தூங்கக் கூடாதுங்க" என்றார். பொடிசு வாயில் விரல் வைத்து, "உஷ், இங்க பேசக் கூடாதுங்க" என்றாள். மனிதர் பேசாமல் போய்விட்டார்.

தலைவலி போகவில்லை. பிள்ளைகளோடு வருஷம் முழுக்கக் கத்தின களைப்பு என்கிறாள். நேற்று ராத்திரி, "எனக்கு ஒரு தடவ பிரஷர் பாருங்களேன்" என்றாள். சர்வீசுக்கு வந்திருந்த ஒன்றில் பார்த்தேன். 154 காட்டியது. அதிலும் அதே சென்சார் சரக்குதான். திருகி, இன்னொரு முறை பார்த்தேன். 112/70. "நல்லாத்தான் இருக்க" என்றேன். "அப்ப தலைவலி என்ன, நடிப்பா?" என்று தலையணையை என்மேல் எறிந்தாள்.

வருகிற வாரம் ஓய்வு. அதற்கடுத்த ஞாயிறு ஏரியில் படகு. காலால் மிதிக்கிற படகு. யார் மிதிப்பது என்று இப்போதே பேச்சுவார்த்தை நடக்கிறது.

அத்தையின் முழங்காலுக்கு மருந்து அனுப்புகிறேன்.

உங்கள் மாப்பிள்ளை


ஜூன் 11

மாப்பிள்ளைக்கு,

எப்படி இருக்கீங்கன்னு கேக்கத்தான் பேனாவை எடுத்தேன். அதை எப்படிக் கேக்கறதுன்னு தெரியல.

எல்லாம் முடிஞ்சு பொடிசைக் கூட்டிக்கிட்டு நாங்க ஊருக்கு வந்து பதினெட்டு நாள் ஆச்சு. முப்பத்திமூணு வயசுப் பொண்ணை வெச்சு அழுதுட்டு வந்து, இங்க எல்லாம் வழக்கம்போல நடக்குது. பால்காரர் வர்றாரு. தண்ணி வருது. பொடிசு சாப்பிடறா. அம்மாவைப் பத்திக் கேக்கல. படகுக்கு டிக்கெட் வாங்க நின்ன வரிசையைப் பத்தி மட்டும் சொல்லிக்கிட்டே இருக்கா. "நமக்கு முன்னாடி நாலே பேர்தான் தாத்தா. அம்மா இன்னும் கொஞ்ச நேரம் நின்னிருந்தா படகு வந்திருக்கும்"ங்கறா. நான் என்ன சொல்லட்டும்? நீங்க ஒண்ணும் சொல்லிக் கொடுக்கலயா அதுக்கு?

இன்னொண்ணு. உங்ககிட்டதான் சொல்ல முடியும். தினம் மெஷின்ல பார்க்கறேன். 126/78. பெத்த பொண்ணை வாரிக் கொடுத்தவனுக்கு ரத்தம் கொதிக்க வேண்டாமா? நேத்து வேணும்னே அவ சின்ன வயசு போட்டோவைப் பார்த்து நல்லா அழுதுட்டு, உடனே கைல மாட்டிப் பார்த்தேன். 127. கல்நெஞ்சுக்காரனா நான்? உங்க அத்தை அப்படித்தான் சொல்றா. மெஷினே சொல்லுதே.

மூளைல ரத்தக்குழாய் வெடிச்சுதுன்னு டாக்டர் சொன்னாராம். ஏன் வெடிச்சுதுன்னு நீங்க அவர்கிட்ட கேட்டீங்களா? அன்னைக்கு உங்ககிட்ட கேக்க முடியல. நீங்க சுவரைப் பார்த்துக்கிட்டே இருந்தீங்க.

வேளைக்குச் சாப்பிடுங்க.

மாமா


ஜூன் 30

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். நீங்கள் மூவரும் நலமா?

பதில் எழுத நாளாகிவிட்டது. ஏன் வெடித்தது என்று டாக்டர் ஏதோ சொன்னார். பிறகு எழுதுகிறேன்.

சமைக்கிறேன். துணி துவைக்கிறேன். ஒரு ஆளுக்கு ஒரு பக்கெட் தண்ணீர் போதும். முன்பெல்லாம் மூன்று. ராத்திரி கதவைப் பூட்டிவிட்டு, பூட்டினேனா என்று எழுந்து பார்ப்பேன். இப்போது பார்ப்பதில்லை.

ஒரு உதவி. அந்த பிரஷர் மெஷினை எனக்குத் திருப்பி அனுப்புங்கள். சர்வீஸ் செய்ய வேண்டியிருக்கிறது. கம்பெனி விதி. அதுவரை கிளினிக்கிலேயே பாருங்கள். மறக்காமல் அனுப்புங்கள்.

பொடிசுக்கு அங்கேயே பள்ளிக்கூடத்தில் இடம் கேட்டீர்களா? கொஞ்ச நாளைக்கு.

உங்கள் மாப்பிள்ளை


ஜூலை 9

மாப்பிள்ளைக்கு,

நாங்க இருக்கோம். சுகம்னு எழுதக் கை வரல.

பொடிசைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துல உக்கார வெச்சிருக்கோம். ஹெட்மாஸ்டர் நல்ல மனுஷன், "இருக்கற வரைக்கும் வரட்டும்"னாரு. நீங்க எப்ப வர்றீங்க? அவ தினம் வாசல்ல செருப்புச் சத்தம் கேட்டா எட்டிப் பார்க்கறா. ஞாயித்துக்கிழமை போன்ல ரெண்டு வார்த்தை பேசறது போதாது மாப்பிள்ளை, அதுக்கு ஆள் வேணும். துக்கம் உங்களுக்கு இருக்குதான். ஆனா புள்ளைக்கு அப்பன் நீங்கதானே, நானா?

மெஷினுக்கு சர்வீஸ் எல்லாம் வேண்டாம். ஜம்முனு ஓடுது. நான் மெஷின்காரன், எனக்குத் தெரியாதா? ஓடற மெஷினைப் பிரிக்கவே கூடாது. நல்லா இருக்கறதை நோண்டிக் கெடுத்தவங்களை நிறையப் பார்த்திருக்கேன்.

125/77, இன்னைக்குக் காலைல.

மாமா


ஜூலை 20

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். அத்தையிடம் போனில் மெஷினைப் பற்றிச் சொன்னேன். "நீங்களாச்சு, உங்க மாமாவாச்சு" என்று சொல்லிப் போனைப் பொடிசிடம் கொடுத்துவிட்டார்.

இத்துடன் புது மெஷின் ஒன்று பார்சலில் வருகிறது. பெட்டி பிரிக்காதது. இனி இதில் மட்டும் பாருங்கள். பழையதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். அதன் சென்சார் சரியில்லை. காலை மாத்திரையை நிறுத்தக் கூடாது. டாக்டரைக் கேட்டு மறுபடியும் ஆரம்பியுங்கள். இதைக் கட்டாயம் செய்யுங்கள் மாமா.

இப்போது வேலைக்குப் போவதில்லை. லீவு. ஃப்ரிட்ஜ் கதவில் பட்டியல் அப்படியே இருக்கிறது. அதைப் பார்க்காமல் ஃப்ரிட்ஜைத் திறக்க முடியாது. அதனால் திறப்பதில்லை. உள்ளே என்ன இருந்தது என்று நினைவில்லை. வாடை வருகிறது.

நான் வருகிறேன். எப்போது என்று எழுதுகிறேன்.

உங்கள் மாப்பிள்ளை


ஆகஸ்ட் 3

மாப்பிள்ளைக்கு,

கடிதமும் பார்சலும் வந்துச்சு. உடம்பைப் பார்த்துக்கோங்க. ஃப்ரிட்ஜை முதல்ல கழுவுங்க, பக்கத்து வீட்ல யாரையாவது கூப்பிட்டாவது.

நீங்க அனுப்பின புது மெஷின் சுத்தக் குப்பை. பெட்டியைப் பிரிச்சு முதல் தடவயே 170/105ங்குது! பழசுல உடனே பார்த்தேன், 127/78. திரும்பப் புதுசு, 172. கிளினிக் மெஷினுக்குத் தம்பியா இருக்கும்போல. உங்களை யாரோ ஏமாத்திட்டாங்க. நம்ம இஸ்திரிக் கடைக்காரர் பிரஷர், பிரஷர்னு புலம்பிக்கிட்டே இருந்தாரு, அவருக்குக் கொடுத்துட்டேன். அவருக்கு 130 காட்டுதாம். அவருக்காவது ராசியா இருக்கட்டும்.

பழசைத் தூக்கிப் போடுன்னு எப்படி எழுதினீங்க? அவ கைல பார்த்துச் சரி பண்ணினதுன்னு நீங்கதானே எழுதினீங்க. நான் தினம் பட்டையைக் கைல சுத்தறப்போ அவ கையைப் பிடிக்கற மாதிரி இருக்கு. எனக்கு வேற என்ன இருக்கு அவளோடது? ஒரு போட்டோ, ரெண்டு கடிதம்.

எனக்குத்தான் காலைல எந்திரிச்சா பின்னந்தலை கல்லு மாதிரி கனக்குது. கண்ணும் அப்பப்ப மங்குது, நேத்து பொடிசுக்குத் தலை வாரறப்போ வகிடு ரெண்டாத் தெரிஞ்சுது. பிரஷர் சரியா இருக்கறதால பயம் இல்ல. இது துக்கம். துக்கத்துக்கு மாத்திரை ஏது?

எப்ப வர்றீங்க?

மாமா


ஆகஸ்ட் 10

மாமா,

முதலில் இதைச் செய்யுங்கள். மீதியைப் பிறகு படிக்கலாம். போனில் கத்தினாலும் உங்களுக்குக் கேட்காது என்று இதைக் கூரியரில் அனுப்புகிறேன். என் மெஷினைத் தொடாதீர்கள். இன்றைக்கே, இப்போதே கிளினிக்குக்குப் போங்கள். தனியாக வேண்டாம், இஸ்திரிக் கடைக்காரரைக் கூட்டிக்கொண்டு போங்கள். தலை கனப்பதையும் கண் மங்குவதையும் காலை மாத்திரையை நிறுத்தியதையும் நர்சம்மாவிடம் சொல்லுங்கள். உங்கள் கையில் இருக்கும் மெஷின் நாலில் மூன்று பங்குதான் காட்டும். அது 127 என்றால் உங்களுக்கு 170. அதை அப்படிச் செய்தது நான்.

போய்விட்டு வந்தீர்களா?

ஏன் வெடித்தது என்று ஜூனில் கேட்டீர்கள். பிரஷரால் வெடித்தது. எத்தனையோ மாதமாக இருந்திருக்கிறது என்றார் டாக்டர்.

சென்சார் சரக்கில் கோளாறு இல்லை. மெஷின்கள் சரியாகத்தான் காட்டின. 150 அவளுடையது. ஒன்றல்ல, மூன்று மெஷின் அதையே சொல்லின. பிறகு நான்காவதும் சொல்லியது. நாலு கருவி ஒரே பக்கம் தப்பினால் தப்பு கருவியில் இல்லை. இது முதல் வருஷப் பாடம். அதில் எனக்கு நல்ல மார்க். ஆனால் அவள் கை மாறும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஒன்பது வருஷம் மாறாதது. அவளைச் சரியென்று வைத்து மெஷினைத் திருகினேன். பிறகு, திருகின மெஷினைக் காட்டி அவளுக்கு ஒன்றுமில்லை என்றேன். அவளே கேட்டாள் மாமா. ஒரு தடவை பாருங்களேன் என்று அவளே வாய்விட்டுக் கேட்டாள்.

அன்று ஏரியில் வரிசையில் நிற்கும்போது, "நீங்க நில்லுங்க, நான் உக்காந்துக்கறேன்" என்று பொடிசின் கையை என் கையில் கொடுத்தாள். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முன்னால் நின்றவர் சில்லறைக்குத் தகராறு செய்துகொண்டிருந்தார், அதை வேடிக்கை பார்த்தேன். பின்னால் நின்ற அம்மாதான் "ஏங்க, உங்க வீட்டம்மா" என்றார்.

ஆம்புலன்ஸில் அவளுக்குப் பட்டை சுற்றினார்கள். 232/134. அந்த மெஷினை நான் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. மார்ச்சில், கேஜ் இருந்தபோது, நானே சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டது. என் வாயில் முதலில் வந்த வார்த்தை என்ன தெரியுமா? "இதுவும் தப்பாக் காட்டுது." அந்த ஆள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "இவங்களுக்கு பிரஷர் இருந்துச்சா?" என்று கேட்டார். "இல்ல சார், 112/70. நான்தான் பார்த்தேன்" என்றேன். அவர் அதைத் தாளில் எழுதிக்கொண்டார். மறுநாள், "முன்னாடியே தெரிஞ்சிருந்தா தினம் ஒரு மாத்திரைல போயிருக்கும். சின்ன வயசுல யாரும் பார்க்கறதில்ல" என்றார். நாங்கள் பார்த்தோம் என்று நான் சொல்லவில்லை.

ஜூன் நாலாம் தேதி கேஜ் வந்தது. ஒத்துப்பார்த்தேன். அடுத்த நாளே கிளினிக்குக்குப் போன மெஷின்களைத் திரும்ப எடுத்து வந்தேன். ஆபீசில் எழுதிக் கொடுத்தேன். அவற்றில் பிரஷர் பார்த்தவர்களையெல்லாம் மறுபடி வரச்சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நான் லீவில் இல்லை. நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

முன்பின் தெரியாதவர்களிடம் ஒரே நாளில் சொல்ல முடிந்தது. உங்களிடம் இரண்டு மாதமாக முடியவில்லை. சொன்னால் பொடிசைத் தரமாட்டீர்கள் என்று பயந்தேன். சொல்லாமல் வந்து கூட்டிப்போகவும் கால் வரவில்லை. இந்தப் பயத்தில் உங்கள் தலையில் கல்லை ஏற்றி வைத்தேன். ஒருத்தரைக் கொன்ற பிறகும் எனக்குப் புத்தி வரவில்லை.

மன்னிப்புக் கேட்க எழுதவில்லை. கிளினிக்குக்குப் போங்கள்.


செப்டம்பர் 2

கடிதம் வந்த அன்னைக்கே போனேன். 176/108. நர்சம்மா என்னைத் திட்டல. திட்டாதபோதுதான் பயமா இருந்துச்சு. மூணு நாள் படுக்கப் போட்டாங்க. மாத்திரை மாத்திக் கொடுத்திருக்காங்க. கண்ணு பரவாயில்ல.

மூணு வாரமா இந்தத் தாளை எடுக்கறதும் வைக்கறதுமா இருந்தேன்.

உங்க ஏப்ரல் கடிதத்தைத் தேடி எடுத்துப் படிச்சேன். 150 காட்டுச்சு, திருகிட்டேன்னு அதுலயே எழுதி இருக்கீங்க. அன்னைக்கு அதை வாசிச்சுக் காட்டிட்டுச் சிரிச்சவன் நான். முப்பது வருஷம் மெஷின்கூட நின்னவன், எனக்கும் உறைக்கல. அதுக்காக நீங்களும் நானும் சரிக்குச் சரி ஆயிட மாட்டோம். நான் இங்க இருந்தேன். நீங்க பக்கத்துல இருந்தீங்க. மேசைல தலை வெச்சுத் தூங்கினதைப் பார்த்தீங்க.

என் நெஞ்சு கல்லு இல்லைன்னு இப்பத் தெரிஞ்சுது. அதுவும் உங்க கடிதத்தாலதான் தெரிய வேண்டி இருக்கு.

அத்தைகிட்ட சொல்லல. எதுக்கு ஆஸ்பத்திரின்னு கேட்டா, வயசுக் கோளாறுன்னேன். நீங்களும் சொல்லாதீங்க. அவ நடமாடறதே "விதி"ங்கற ஒரு வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டுத்தான். அதையும் பிடுங்கிட வேண்டாம்.

பொடிசைத் தரமாட்டேன்னு நினைச்சீங்க. அம்மா போயாச்சு. அப்பனையும் இல்லாம ஆக்கறதுக்கு நான் யாரு? கூட்டிட்டுப் போங்க. ஆனா வீட்டுக்கு வராதீங்க. வந்தா உங்க அத்தை "வாங்க மாப்பிள்ளை"ன்னு சொல்லித் தண்ணி கொண்டுவந்து கொடுப்பா. நீங்க அதை வாங்கிக் குடிக்கறதை என்னால பார்க்க முடியாது. உங்களுக்கு அவசர வேலை, பஸ் ஸ்டாண்டுலயே திரும்பறீங்கன்னு அவகிட்ட சொல்லிடறேன்.

பதிமூணாம் தேதி, ஞாயித்துக்கிழமை, காலைல பத்து மணி. மூணாம் நம்பர் பஸ் நிக்கற இடம். என்கிட்ட ஒண்ணும் பேச வேண்டாம். பேசினாலும் எனக்குக் கேக்காது.


செப்டம்பர் 19

மாமா,

பொடிசு நலம். பழைய பள்ளிக்கூடத்திலேயே சேர்த்துக்கொண்டார்கள். அத்தை கட்டிக்கொடுத்த சாப்பாட்டை வழியிலேயே சாப்பிட்டுவிட்டாள். உங்கள் பழைய கைக்குட்டை அவள் பையில் வந்துவிட்டது. துவைத்து வைத்திருக்கிறேன்.

பஸ் திரும்பும்போது நீங்கள் அங்கேயே நின்றதைப் பார்த்தோம். "தாத்தா ஏன் உன்கூடப் பேசல?" என்று கேட்டாள். "தாத்தாவுக்குக் காது கேக்காதுல்ல" என்றேன். "நான் மெதுவாப் பேசினாலே கேக்குதே" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் நேரே ஃப்ரிட்ஜ் முன்னால் போய் நின்றாள். பட்டியலை எழுத்துக்கூட்டிப் படித்தாள். ஏரிக்கு எதிரே இருந்த கட்டத்தைத் தடவிக்கொண்டு, "இதுக்கு மார்க்கு யார் போடறது?" என்றாள். நான் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டேன். வெளியே வந்தபோது தூங்கியிருந்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் மேசையில் தலை வைத்துப் படுக்கிறாள். உடனே எழுப்புகிறேன். எழுந்து அழுகிறாள். எழுப்பாமல் இருக்கவும் முடியவில்லை. டாக்டரிடம் காட்டினேன், ஒன்றுமில்லை என்றார். வேறு டாக்டரிடமும் காட்டினேன். அவள் கையில் பட்டை சுற்றும்போது நான் வெளியே போய் நின்றுகொண்டேன்.

உங்களை நலம் விசாரிக்கும் யோக்கியதை எனக்கில்லை. ஒன்றே ஒன்று. வாரத்துக்கொரு முறை கிளினிக்கில் பார்ப்பதை மட்டும் எழுதிப் போடுங்கள். இரண்டு எண் போதும். என் பெயரோ, உங்கள் பெயரோ வேண்டாம்.

எழுத முடியாவிட்டால் அதையும் புரிந்துகொள்கிறேன்.


அக்டோபர் 16, அஞ்சலட்டை

158/96. கிளினிக்ல பார்த்தது.